லீவும் பயணமும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில், ஒரே வகுப்பில் படித்த பழைய மாணவியர் சிலரின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



முழுநேர வேலை பார்த்துக்கொண்டே ஓய்வுக்கான பயணங்களை எப்படித் திட்டமிடுவது என்று பேசும்படி விழாக்குழுவினர் எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். எங்கள் வகுப்பில் பத்துப் பேர் சில வருடங்களாக ஒன்றாகப் போய்வருகிறோம் என்ற செய்தி எப்படியோ குழுவின் காதுக்கு எட்டியிருக்கிறது. எங்களில் மூவர் ஆசிரியைகள், ஒருவர் தாதி, இருவர் வங்கியில், ஒருவர் கச்சேரியில். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து வந்து சேர்ந்துகொள்வோர் மூவர். சுற்றுலா நிபுணர்கள் யாரும் இங்கே பேசவில்லை. லீவுப் படிவம் நிரப்பிப் பழகியவர்கள் பேசுகிறோம்.

அந்தப் படிவத்திலிருந்தே தொடங்கலாம். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்கீழ் வேலை செய்பவருக்கு, முதல் வருடம் கழிந்தபின், வருடாந்த லீவு 14 நாள், கஷுவல் லீவு 7 நாள். அந்தப் பதினான்கில் ஏழு நாளையாவது தொடர்ச்சியாக எடுக்க இடமளிக்கவேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. இதைக் கேட்டு எங்கள் வங்கித் தோழி ஒருத்தியே ஆச்சரியப்பட்டாள். அரசாங்க உத்தியோகத்தரின் கணக்கு இன்னும் தாராளம். ஆனாலும் டிசம்பரில் திரும்பிப் பார்த்தால் அந்த நாட்கள் எங்கே போயின? பிள்ளையின் காய்ச்சலுக்கு இரண்டு, மாமாவின் அந்தியேட்டிக்கு ஒன்று, கல்யாணம் மூன்று, கோயில் கொடியேற்றம், தேர், தீர்த்தம். எல்லாம் வேண்டியவைதான். நமக்கென்று எடுத்த நாள் எத்தனை என்று எங்கள் பத்துப் பேரும் ஒருமுறை தாளில் எழுதிப் பார்த்தோம். ஏழு பேரின் தாளில் பூச்சியம்.

அதனால் ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நாள் கூடி, நாட்காட்டியை விரித்து வைத்துக்கொள்கிறோம். போயா விடுமுறை வருடத்துக்குப் பன்னிரண்டு, சில வருடங்களில் பதின்மூன்று. அது வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் லீவே எடுக்காமல் மூன்று நாள் கிடைக்கும். வியாழனில் விழுந்தால் ஒரேயொரு லீவோடு நான்கு நாள். சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. தாதித் தோழிக்கும் பொருந்தாது. அவளுடைய கடமைப் பட்டியல் வெளிவரும் வரை நாங்கள் வாகனம் பிடிப்பதில்லை. ஆனால் நாட்டில் எல்லோரும் இதே நாட்காட்டியைத்தான் பார்க்கிறார்கள் என்பதை மறக்கக்கூடாது. நீண்ட வாரவிடுமுறையில் நுவரெலியாவுக்குப் போனால் மலையைவிட வாகன வரிசையைத்தான் அதிகம் பார்க்கலாம். கூட்டம் போகும் திசைக்கு எதிர்த்திசை நல்லது.

இதற்குமுன் வேறொன்று சொல்லவேண்டும். எங்கள் வயதுக்காரருக்குப் பயணம் என்ற சொல்லின் பொருள் வேறாக இருந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறச் சொன்னபோது நாங்கள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடக்க எங்களில் சிலருக்கு விடியும்வரை சென்றது. பிறகு பாஸ், கப்பல், சோதனைச் சாவடி. 2002இல் ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியது. 1990இல் நின்ற ரயில் 2014இல்தான் யாழ்ப்பாணம் வந்தது. எங்களில் பலர் யாழ்தேவியில் முதன்முதல் ஏறியபோது முப்பத்தைந்து வயது.

நாங்கள் சேர்ந்து போன முதற்பயணம் திருகோணமலைக்கு, இரண்டு நாள். இரவு அறையில் ஒரு தோழி பையைத் திறந்தபோது உடுப்புக்கு மேலே ஒரு பிளாஸ்ரிக் உறை. பிறப்புச் சான்றிதழ், பரீட்சைச் சான்றிதழ்கள், காணி உறுதி. நிலாவெளிக் கடலில் குளிக்க வந்தவள் காணி உறுதியோடு வந்திருந்தாள். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் எங்களில் இன்னும் இருவரின் பையிலும் அதே உறை இருந்தது. பை கட்டுவது என்றால் திரும்பி வராமற் போகலாம் என்றுதான் கை பழகியிருக்கிறது. அந்த இரவு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். பாலத்தில் தாயின் கையைத் தவறவிட்டுப் பிடித்த கதையை ஒருத்தி அன்றுதான் முதன்முறை சொன்னாள். ஒரே வாங்கில் இருந்து படித்தவள்; இருபது வருடத்துக்கு மேல் எங்களுக்குத் தெரியாது. பயணத்துக்கு ‘அர்த்தம்’ என்று எதையாவது காட்டச் சொன்னால் நாங்கள் அந்த அறையைத்தான் காட்டுவோம். கோணேசர் கோயிலும் கன்னியா வெந்நீரூற்றும் அடுத்த நாள் பார்த்தோம்; அவையும் நன்றாகவே இருந்தன.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய இடத்தைத் தெரிவுசெய்யுங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே நெடுந்தீவைக் காணாதவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? குறிகட்டுவானில் காலைப் படகு, சுமார் ஒரு மணி நேரம். கோறைக்கல் மதில்கள், பெருக்க மரம், காட்டுக்குதிரைகள். திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான் திட்டம்.

தூரம் போவதென்றால் மழையைப் பாருங்கள். வடகீழ்ப் பருவமழை வருட முடிவில் வடக்கையும் கிழக்கையும் நனைக்கும். தென்மேற்குப் பருவமழை மே தொடக்கம் செப்டெம்பர் வரை தெற்கையும் மேற்கையும் மலைநாட்டின் மேற்குச் சரிவையும் நனைக்கும். ஆகவே திருகோணமலை, மட்டக்களப்புக் கடற்கரைகளுக்கு ஏப்ரலுக்குப் பிறகு. வெளிநாட்டுத் தோழியருக்குப் பிள்ளைகளின் பள்ளி விடுமுறை ஓகஸ்டில்தான் என்பதால், எங்கள் பெரிய பயணம் எப்போதும் கிழக்குப் பக்கமாகவே அமைகிறது. மலைநாட்டுக்கு வருடத்தின் முதல் மூன்று நான்கு மாதம். ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவைப் பார்க்க விரும்பினால் விடியற்காலையில் நுழைவாயிலில் நிற்கவேண்டும். முற்பகலிலேயே மூடுபனி பள்ளத்தை மறைத்துவிடும்.

மூன்று நாளில் கண்டி, நுவரெலியா, கதிர்காமம், திருகோணமலை என்று வானில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓடுவதை நாங்கள் பயணமாகக் கணக்கெடுப்பதில்லை. ஒரு நாளுக்கு ஓரிடம்; மதியத்துக்குப் பின் ஒன்றுமில்லை. படுக்கலாம், கதைக்கலாம், சும்மா இருக்கலாம். கடைசி நாள் மதியத்துக்குள் வீடு திரும்பவேண்டும். நள்ளிரவில் வந்திறங்கி, உடுப்புத் தோய்த்து, திங்கள் காலை கையொப்பமிட ஓடினால் எடுத்த லீவுக்கு இன்னொரு லீவு தேவைப்படும்.

சமையலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பயணத்துக்கு முதல் நாள் இரவு பதினொரு மணிவரை நின்று கட்டுச்சோறும் சம்பலும் செய்கிறவள் யார் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் பயணத்தில் ஒருவரும் எதையும் சமைத்துக்கொண்டு வரக்கூடாது. பருத்தித்துறை வடை மட்டும் விதிவிலக்கு. அதுவும் கடையில் வாங்கியது. வழியில் துப்புரவான கழிவறை எங்கே இருக்கிறது என்பதை முதலில் விசாரித்துவிட்டுத்தான் பாதையை முடிவுசெய்கிறோம். இதைச் சபையில் சொல்லலாமா என்று எங்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. தண்ணீர் குடிக்காமல் ஆறு மணி நேரம் இருந்து பழகியவர்கள் இங்கே நிறையப் பேர் என்பதால் சொல்கிறோம்.

பணத்துக்கு வருவோம். ஒருமுறை லண்டன் தோழி ஓர் அழகான ஹோட்டலின் படத்தை அனுப்பினாள். உடனே ஒருத்தி, மாமிக்குச் சுகமில்லை, இம்முறை வரவில்லை என்று எழுதினாள். அன்று மாலை அதே மாமி திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் தெரிந்துகொண்டு நின்றார். அந்த ஹோட்டலைப் பதிவு செய்யவில்லை. லண்டன் தோழி தானே எல்லோருக்கும் செலவழிப்பதாகச் சொன்னாள். நல்ல மனம், ஆனால் வேண்டாமென்றோம். ஒரு தோழியின் விருந்தாளியாக அடுத்தடுத்த வருடமும் போக யாருக்கும் கால் வராது. ஜனவரி தொடக்கம் மாதாமாதம் ஒரே தொகை, லண்டனில் இருந்தாலும் கோண்டாவிலில் இருந்தாலும். தொகையை முதலில் சொல்கிறவள் எங்களில் ஆகக் குறைந்த சம்பளக்காரி. சேர்ந்த பணத்துக்கு ஏற்ற இடத்தில் தங்குகிறோம். அரச உத்தியோகத்தர்களுக்குத் திணைக்களங்களின் சுற்றுலா விடுதிகளும் ரயில் வாரண்டும் உண்டு. வருடாவருடம் எடுக்காமலே விட்டுவிடுகிறார்கள். கச்சேரித் தோழி எங்கள் புதையல்.

மாமி வந்தாரா என்று கேட்பீர்கள். அவர் மருமகளை அனுப்பிவிட்டு, நாங்கள் திரும்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “பிள்ளையள், அடுத்த முறை என்னையும் கூட்டிக்கொண்டு போவியளோ?” என்பது. நெடுந்தீவுக்கு அவரையும் கூட்டிப்போனோம். குதிரைகளுக்கு அவர்தான் முதலில் கிட்டப் போனார்.

வருகிற பெப்ரவரியில் மன்னாருக்குப் போகிறோம். சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரி வழியாக, இரண்டு நாள். வங்காலைப் பக்கம் பூநாரைகள் வந்திருக்கும் காலம். வெளிநாட்டுத் தோழியருக்கு அப்போது லீவில்லை என்பதால் வானில் மூன்று ஆசனம் காலியாக இருக்கிறது. வகுப்பு, வயது பார்க்கமாட்டோம். விருப்பமானவர்கள் தேநீர் இடைவேளையில் வடக்குப் பக்க விறாந்தையில் எங்களைப் பிடியுங்கள்.