மேஜைமேல் ஒரு ஹெலிகாப்டர்

போர் ஹெலிகாப்டர் ஒன்றை வீட்டு மேஜையின் முன் அமர்ந்தபடியே ஓட்டிப் பழகும் விளையாட்டு இப்போது உலகெங்கும் பரவியிருக்கிறது. விளையாட்டு என்று நாம் சொல்வது வசதிக்காகத்தான். கணினித் திரையில் விமானியின் அறை முழுவதும் தோன்றுகிறது. அதிலுள்ள பொத்தான்கள் வெறும் சித்திரம் அல்ல, அழுத்தினால் வேலை செய்பவை. மின்கலத்தை இணைத்து, எரிபொருள் பம்புகளை இயக்கி, எஞ்சின்களை ஒவ்வொன்றாக உயிர்ப்பித்து, சுழலி உரிய வேகம் பெறும்வரை பொறுத்திருந்தாலன்றி யந்திரம் தரையைவிட்டு எழுவதில்லை. இத்தகைய ஏற்பாட்டுக்குச் சிமுலேட்டர் என்று பெயர். இவ்வகையில் பெயர் பெற்ற ஒன்று 'டிஜிட்டல் காம்பேட் சிமுலேட்டர்'. ஈகிள் டைனமிக்ஸ் என்னும் நிறுவனம் ருஷ்யாவின் கே.ஏ.-50 ஹெலிகாப்டரைக் கொண்டு இதன் முதற் பகுதியை 2008-இல் வெளியிட்டது. 2013-இல் அமெரிக்க யு.எச்.-1 வகையும் ருஷ்ய எம்.ஐ.-8 வகையும் வந்து சேர்ந்தன. 2021-இல் எம்.ஐ.-24, அடுத்த ஆண்டு அமெரிக்க அப்பாச்சி.

இவற்றுள் எம்.ஐ. வரிசை நமக்கு அயலானதன்று. 'பிரதாப்' என்ற பெயருடன் நம் விமானப் படையில் நெடுங்காலம் உழைத்த எம்.ஐ.-8, 2017 டிசம்பரில் ஓய்வு பெற்றது. அதன் வழித்தோன்றலான எம்.ஐ.-17 இன்றும் மலைச் சிகரங்களுக்கு உணவும் மருந்தும் சுமந்து செல்கிறது. இவ்வரிசை ஹெலிகாப்டர்களைப் பிரித்துப் பழுது பார்க்கும் விமானப் படைத் தளம் சண்டீகரில் இருக்கிறது. அந்நகரில் வாழும் நேயர்களுக்கு இந்த யந்திரத்தின் ஓசையைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஓட்டும் கலையை அன்று. இந்த மேஜை ஹெலிகாப்டரைத் திருத்துவதும் பழுது பார்ப்பதுமாகிய கலையையும், அதன் ஒரு மூலையில் யாரும் கவனியாமல் நடைபெறும் மொழிபெயர்ப்பு வேலையையும் பற்றியது இவ்வுரை. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு அந்த மூலைதான் முதலில் கண்ணில் படுகிறது.

எம்.ஐ.-8-இன் விமானி அறையில் எழுத்துகள் யாவும் ருஷ்ய மொழியில் இருக்கின்றன. யந்திரத்தை உள்ளபடியே காட்ட வேண்டும் என்பது சிமுலேட்டரின் நோக்கமாதலால் அது நியாயமே. ஆனால் சென்னையிலோ சிகாகோவிலோ அமர்ந்து பழகுகிறவனுக்குச் சுமார் நூறு பொத்தான்கள் ஊமையாக நிற்கின்றன. 'இயக்கு' என்பதற்கு ருஷ்யப் பலகையில் மூன்றெழுத்துச் சுருக்கம்; 'நிறுத்து' என்பதற்கு நான்கெழுத்துச் சுருக்கம். முன்னதன் நடுவே ஓர் எழுத்தைச் செருகினால் பின்னது ஆகிவிடும்! ஒன்று 'வ்க்ல்', மற்றது 'விக்ல்' என்று வைத்துக்கொள்ளலாம். தீயை அறிவிக்கும் விளக்கின்மீது எழுதியிருக்கும் சொல்லை உச்சரித்தால் ஏறக்குறைய 'பஜார்' என்று ஒலிக்கும். வடக்கே நெடுநாள் வாழ்ந்த நம்மவர் காதில் அது கடைத்தெருவாகத்தான் விழும். எஞ்சின் எரிந்துகொண்டிருக்கையில் அத்தகைய மயக்கம் நல்லதன்று.

எனவே பலகையின் எழுத்துகளை ஆங்கிலமாக்கித் தருவதற்கு முனைந்தவர்கள் தோன்றினார்கள். ஆங்கிலப் பலகையை நிறுவனமும் அளிப்பதுண்டு. எனினும் அதனினும் தெளிவாகச் செய்கிறோம் என்று தன்னார்வத்தால் உழைத்தவர்கள் பலர். இவ்வாறு மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பதையும் இருப்பதை மாற்றுவதையும் 'மாடிங்' என்றும், அப்படி மாற்றியமைத்த பொருளை 'மாட்' என்றும் வழங்குகிறார்கள். யு.எச்.-60 என்னும் முழு ஹெலிகாப்டரையே ஆர்வலர் குழு ஒன்று உருவாக்கி இலவசமாக அளித்திருக்கிறது. அத்தகைய பெரும்பணியோடு ஒப்பிட்டால் எழுத்து மாற்றுவது சின்னஞ்சிறு வேலைதான். ஆனால் அதில் உள்ள இக்கட்டுகள் சின்னவை அல்ல.

மாட் எங்கே தங்குகிறது என்பதை முதலில் பார்ப்போம். கோப்பு என்றதும் நாடா கட்டிய காகிதக் கட்டை நினைக்கும் வழக்கம் நம்மைப் போன்ற அரசாங்க ஊழியர்களுக்கு உண்டு. இங்கே கோப்பு என்பது கணினியில் உள்ளது. அக்கோப்புகள் மூன்று வகையின. பலகையின் தோற்றத்தைத் தருவன படக் கோப்புகள். எந்தப் படம் எந்தப் பாகத்தின்மேல் ஒட்டப்பட வேண்டும் என்று உத்தரவு கூறுவன எழுத்துக் கோப்புகள். இவை லூவா என்னும் கணினி மொழியில் எழுதப்படுகின்றன. 1993-இல் பிரேசில் நாட்டில் பிறந்த மொழி அது. லூவா என்றால் போர்த்துகீசிய மொழியில் நிலா. மூன்றாவது வகை, காற்றில் யந்திரம் எப்படி நடந்துகொள்ளும் என்னும் கணக்கு. நிறுவனம் விற்கும் ஹெலிகாப்டர்களில் அக்கணக்கு நாம் படிக்கக்கூடிய எழுத்தாக இராமல் இறுக மூடிய பெட்டியாக இருக்கிறது.

எழுத்தை மாற்றுகிறவன் முதல் வகையைத் தொடுகிறான். இரண்டாவதில் சில வரிகள் எழுதுகிறான். மூன்றாவதை நெருங்குவதே இல்லை. உதாரணமாக, உயரமானியின் முகத்தில் மீட்டர்க் கணக்கில் எண்கள் இருக்கின்றன. ஆங்கிலமாக்குகிறேன் என்று புறப்பட்டவன் 'மீட்டர்' என்ற இடத்தில் 'அடி' என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? முள்ளை நகர்த்தும் கணக்கு மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. அது தன் போக்கில் மீட்டரையே காட்டிக்கொண்டிருக்கும். நூறு என்று முள் நிற்கும்போது உண்மையான உயரம் 328 அடி. சொல்லை மாற்றியவன் எண்களையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். இல்லையேல் இரண்டையும் தொடாமல் விட வேண்டும். நாம் இரண்டாவதையே பரிந்துரைப்போம்.

சொல்லுக்குச் சொல் வைப்பதிலும் இடர் உண்டு. விமானியின் இடப் புறத்தில் உயர்த்தித் தாழ்த்தும் கைப்பிடி ஒன்று இருக்கிறது. அதை உயர்த்தினால் சுழலியின் இறக்கைகள் யாவும் ஒருங்கே கோணம் மாறிக் காற்றை அதிகமாக வெட்டும், யந்திரம் மேலெழும். ருஷ்யர்கள் இதை 'ஷாக்-காஸ்' என்கிறார்கள். 'ஷாக்' என்பது அடிவைப்பு. இங்கே இறக்கையின் கோணத்தைக் குறிக்கிறது. 'காஸ்' என்பது எஞ்சினுக்கு ஊட்டும் எரிபொருள். இதையே ஆங்கில விமானிகள் 'கலெக்டிவ்' என்கிறார்கள்; அதாவது 'எல்லாவற்றுக்கும் பொதுவானது'. ஒரே கைப்பிடிதான். ஒரு மொழி அது செய்யும் இரண்டு வேலைகளையும் சொல்கிறது. மற்றொன்று அது செய்யும் விதத்தைச் சொல்கிறது. அகராதியைப் பார்த்து 'அடிவைப்பு-வாயு' என்று எழுதுகிறவனை எந்த விமானியும் மன்னிக்கமாட்டான். கையில் இருப்பது எது என்று அறிந்தபின்பே அதற்குப் பெயர் வைக்க முடியும்.

இனிப் பழுதுக்கு வருவோம். மாட் ஒன்றைச் சேர்த்த மறுநாள் ஹெலிகாப்டர் தாறுமாறாகச் சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே மாட்டைச் செய்தவனைப் பழிப்பது பெருவழக்கு. அநேகமாக அது அநியாயம்.

மேலிருந்து நோக்கினால் யு.எச்.-1-இன் சுழலி கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும், எம்.ஐ.-8-இன் சுழலியோ முள்ளின் திசையிலேயே சுழலும். சுழலி ஒரு பக்கம் திரும்ப, உடல் மறுபக்கம் திரும்ப விரும்புவது இயற்கை. ஆதலால் கைப்பிடியை உயர்த்தும்போது அமெரிக்க யந்திரத்தில் இடது மிதியையும் ருஷ்ய யந்திரத்தில் வலது மிதியையும் அழுத்தியாக வேண்டும். ஒன்றில் பழகிய கால் மற்றொன்றில் ஏறினால் யந்திரம் பம்பரமாவதற்கு எந்தக் கோப்பின் துணையும் வேண்டியதில்லை. கே.ஏ.-50-இல் ஒரே தண்டில் இரண்டு சுழலிகள் எதிரெதிராகச் சுழல்வதால் வால் சுழலியே கிடையாது. அங்கே காலுக்கு வேலை குறைவு.

மற்றொரு பழுதும் இவ்வாறே. முன்னோக்கிய வேகம் இன்றி நேர் கீழாக விரைந்து இறங்கும்போது, தான் கீழே தள்ளிய காற்றிலேயே சுழலி சிக்கிக்கொள்கிறது. அப்போது கைப்பிடியை உயர்த்த உயர்த்த வீழ்ச்சி மிகும்! ஆற்றல் குறைந்துவிட்டது, எஞ்சின் கோப்பு கெட்டுவிட்டது என்று புலம்புவோர் உண்டு. மெய்யான ஹெலிகாப்டரும் இவ்வாறே விழும். கோலை முன்னோக்கியோ பக்கவாட்டிலோ சாய்த்துக் கலங்காத காற்றுக்குள் வெளியேறுவதே அங்கும் இங்கும் வழி. இதனைக் 'குறை' என்று எண்ணி எவரேனும் மாட் போட்டு நீக்கிவிட்டால், நீக்கப்பட்டது குறை அன்று, ஹெலிகாப்டர்.

கையும் காலும் செய்யும் பிழை இல்லையென்று கண்டபின் கம்பிகளைப் பார்க்க வேண்டும். புதிய கோலோ மிதியோ கணினியில் இணைக்கப்பட்டால், சிமுலேட்டர் தானாகவே அதன் அசைவுகளுக்குச் சில வேலைகளை ஒதுக்கிவிடுகிறது. ஆகவே ஒரே வேலைக்கு இரண்டு எஜமானர்கள் ஏற்பட்டுவிடுவதுண்டு. ஒருவர் மேலே என்கிறார், ஒருவர் கீழே என்கிறார், யந்திரம் நடுங்குகிறது. கட்டுப்பாடுகளின் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒரு சாதனம் மிஞ்சும்படி அழித்தால் நடுக்கம் அடங்கும். வில் பொருத்திய மேஜைக் கோலுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. மெய்யான ஹெலிகாப்டரில் சமநிலைப் பொத்தானை அழுத்தி விட்டால் கோல் அந்த இடத்திலேயே நிற்கும். மேஜைக் கோலோ கைவிட்டதும் நடுவுக்குத் திரும்ப முயலும். அது திரும்புமுன் சிமுலேட்டர் அதன் நிலையைப் படித்தால் ஒரே சாய்வு இருமுறை கணக்காகி மூக்கு குப்புறக் கவிழும். கோல் நடுவுக்கு வரும்வரை படிக்காதே என்று கட்டளையிடுவதற்கு அமைப்புப் பக்கத்தில் ஒரு தேர்வு இருக்கிறது.

இவ்விரண்டும் தீர்ந்தபின் எஞ்சுவதே கோப்பின் பழுது. சிமுலேட்டர் தான் செய்த ஒவ்வொன்றையும் நேரத்துடன் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போகிறது. அலுவலகத்தில் தபால் பதிவேடு வைத்திருக்கும் குமாஸ்தாவைப் போன்ற பணி அது. நிரல் நின்றுபோனால் அக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். 'பிழை' என்று அதில் கண்ட வரியெல்லாம் பிழை அல்ல. நல்ல நிலையில் ஓடும் நாளிலும் அத்தகைய வரிகள் பல வரும். ஆகவே யந்திரம் நலமாக இருக்கும் ஒரு நாளின் குறிப்பேட்டைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, கெட்ட நாளின் குறிப்பேட்டை அதனுடன் ஒப்பிட்டால் புதிதாக முளைத்த வரி புலப்படும். அதுவும் தெளிவு தராவிட்டால், சேர்த்த மாட்டுகளில் பாதியை வெளியே எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். பழுது நீங்கினால் குற்றவாளி வெளியே எடுத்த பாதியில் இருக்கிறான். நீங்காவிட்டால் உள்ளே இருக்கிறான். பதினாறு மாட்டுகளுள் குற்றவாளி ஒருவனே என்றால் நான்கே சோதனையில் பிடித்துவிடலாம். ஒரே நேரத்தில் ஐந்து மாற்றங்கள் செய்துவிட்டு 'எதுவோ ஒன்றால் சரியாயிற்று' என்று மகிழ்கிறவனை அடுத்த வாரம் அதே பழுது தேடி வரும்.

எழுத்து மாட்டுக்கு வரும் தலையாய ஆபத்து வேறு. நிறுவனம் அவ்வப்போது சிமுலேட்டரைப் புதுப்பிக்கிறது. ஒருமுறை பலகையின் வடிவத்தைத் திருத்தி, படத்தின் பகுதிகளை இடம் மாற்றி வைத்துவிட்டால், பழைய மாட்டின் எழுத்துகள் தத்தம் இடத்தை இழக்கின்றன. எல்லாம் சிதறிப்போனால் கண்டுகொள்ளலாம், நீக்கிவிடலாம். ஒரே வரிசை மட்டும் ஒரு பொத்தான் அளவு தள்ளிப்போவதுதான் கொடிது. எரிபொருள் பம்பின்மேல் வேறொன்றின் பெயர். அதன்மேல் மற்றொன்றின் பெயர். பார்வைக்குப் பலகை அழகாகவே இருக்கும். ருஷ்ய எழுத்து தெரியாத பயிற்சியாளன் அந்தப் பெயர்களை நம்பியே பம்பை நிறுத்துகிறான். மூலம் அவன் கண்ணுக்கு எட்டாதபடி மறைக்கப்பட்டிருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. மூலத்தை அறியாதவனுக்காகவே மொழிபெயர்ப்பு செய்யப்படுகிறது. அதன் பிழையைக் கண்டுபிடிக்க இயலாதவனும் அவனேதான்.

இதற்கு நாம் அறிந்த பரிகாரம் ஒன்று உண்டு. நிரலின் சொந்தக் கோப்புகளின்மேல் மாட்டை எழுதாமல், பயனாளருக்கென்று ஒதுக்கிய தனி அறையில் அதை வைக்க வேண்டும். அப்போது ருஷ்ய மூலம் அழியாமல் இருக்கும். வேண்டும்போது மூலப் பலகைக்குத் திரும்பிச் சரிபார்க்கலாம். நிரலின் கோப்புகளையே மாற்றியவர்களுக்கோ, பலர் சேர்ந்து ஆடும் களங்களில் நுழைவு மறுக்கப்படுவதும் உண்டு. மாற்றம் எழுத்தில் மட்டுமா, எதிரியைக் காட்டிக்கொடுக்கும் வகையிலா என்று காவலன் பிரித்தறிய மாட்டான்.

இவ்வேலையைச் செய்கிறவர்களுக்கு ஊதியம் இல்லை. ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பின்னும் இரவு விழித்துப் பொத்தான் பொத்தானாகச் சரிபார்க்கிறார்கள். சிலர் அலுத்து நிறுத்திவிடுகிறார்கள், மாட் அநாதையாகிறது. வேறொருவர் அதை எடுத்து நடத்த விரும்பினால் முதலில் செய்தவரிடம் அனுமதி கேட்பதும், அவர் பெயரை முகப்பில் விட்டுவைப்பதும் மரபு. முகப்பிலிருந்து மொழிபெயர்ப்பாளன் பெயர் காணாமற்போவதில் பழகிப்போன நமக்கு, இந்த மரபு கொஞ்சம் பொறாமையைத் தருகிறது.

தமிழில் ஒரு பலகை எழுதினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தோம். இடம் மிகச் சிறிது; சில பெயர்களுக்கு நகத்தளவுதான். தீ விளக்குக்குக் கவலையில்லை. ருஷ்யனுக்கு ஐந்தெழுத்தும் ஆங்கிலேயனுக்கு நான்கெழுத்தும் வேண்டியிருக்க, நமக்கு 'தீ' என்ற ஓரெழுத்துப் போதும். 'இயக்கு', 'நிறுத்து' என்பவையும் ஒருவாறு அடங்கும். ஒன்றை மற்றொன்றாக மயங்கவும் முடியாது. ஷாக்-காஸ் கைப்பிடிக்குத்தான் சொல் அகப்படவில்லை. 'ஏற்றக்கோல்' என்று எழுதிப் பார்த்தோம். கிணற்றங்கரை நினைவு வருகிறது; ஏற்றுவதற்கு மட்டுமன்றி இறக்குவதற்கும் அதே கைப்பிடிதானே என்ற கேள்வியும் வருகிறது.