இரண்டு நிமிட மருத்துவமும் செயற்கை நுண்ணறிவும்

(கட்சிக் கல்வி வகுப்பொன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

ஹூக்ளி ஆற்றங்கரையில் சணல் ஆலையொன்றில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்ந்த ஒரு தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். வயது எழுபதைக் கடந்துவிட்டது. நீரிழிவு, இரத்த அழுத்தம், இவற்றோடு ஆலைத் தூசி விட்டுச்சென்ற இருமல். விடியலிலேயே அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கிறார்; நண்பகலில் அவர் முறை வருகிறது. மருத்துவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் மருந்துச்சீட்டு எழுதப்பட்டுவிடுகிறது. கேட்க எண்ணியிருந்த கேள்விகளுள் ஒன்றுகூட வாய்விட்டு வரவில்லை. வீடு திரும்பியதும் பேத்தி அந்தச் சீட்டைக் கைப்பேசியில் படம் பிடித்து, செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் வங்கமொழியில் பொருள் கேட்கிறாள்.

இத்தகைய காட்சியைக் கண்டு நகைப்பதும் பிழை. வியந்து மயங்குவதும் பிழை. அந்த முதியவர் ஏன் இயந்திரத்திடம் கேட்க நேர்ந்தது என்பதே முதற்கேள்வி.

நேரம் எங்கே போயிற்று?

67 நாடுகளின் தரவுகளை ஆராய்ந்து, ‘பிஎம்ஜே ஓபன்’ என்னும் மருத்துவ ஆய்விதழ் 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. உலக மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதிப்பேர் வாழும் 18 நாடுகளில், முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளியுடன் செலவிடும் சராசரி நேரம் ஐந்து நிமிடம் அல்லது அதற்கும் குறைவு. இந்தியாவில் சுமார் இரண்டு நிமிடம். சுவீடனில் 22 நிமிடத்துக்கும் அதிகம்.

இதற்கு மருத்துவரைப் பழிப்பதில் பயனில்லை. பொது சுகாதாரச் செலவை 2025-க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவதாக 2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை உறுதியளித்தது. 2021-22 தேசிய சுகாதாரக் கணக்கின்படி அச்செலவு 1.84 விழுக்காடே. 70 வயது கடந்த அனைவருக்கும் ஐந்து இலட்சம் ரூபாய் காப்பீடு என 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டமும், மருத்துவமனையில் படுக்கையில் சேர்ந்தால்தான் உதவும். முதியவரின் அன்றாடத் துன்பமோ புறநோயாளிப் பிரிவின் வரிசையிலும் மாதந்தோறும் வாங்கும் மாத்திரையிலும் இருக்கிறது. அங்கே அத்திட்டம் எட்டிப் பார்ப்பதில்லை.

கருவி தருவதும் தராததும்

இந்தக் கருவியால் மெய்யான பயன் உண்டு. ஆங்கிலத்தில் அச்சிட்ட ஆய்வறிக்கையைத் தாய்மொழியில் விளக்குகிறது. நோய் எப்போது தொடங்கியது, எந்த மாத்திரைக்குப் பின் தலைசுற்றுகிறது என்பவற்றை நிரல்படுத்தி, மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றைச் சுருங்க எழுதித் தருகிறது. மொழிப் பூட்டு சிறிதேனும் திறப்பதை வரவேற்கத்தான் வேண்டும்.

ஆனால் அது தவற்றையும் தயக்கமின்றிச் சொல்லும். கிறுக்கலான கையெழுத்தைப் பிழைபடப் படித்து, வேறொரு மருந்துக்கு விளக்கம் தந்துவிடும். ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் விற்கும் நாடு இது. பெயர் மாறிய அதே மாத்திரையை இருமுறை விழுங்கும் ஆபத்தும் உண்டு. மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக எழுத வேண்டுமென மருத்துவர்களுக்கான ஒழுக்க விதி 2016-இலேயே திருத்தப்பட்டது. அதன் நடைமுறை நிலையை எந்த மருந்துச்சீட்டும் காட்டும். மாத்திரையை நிறுத்துவதா, அளவைக் கூட்டுவதா என்பதை நாடி பிடித்துப் பாராத இயந்திரத்திடம் ஒருபோதும் விடலாகாது.

மற்றொன்று, உடல்நலத் தரவு. 2019-இன் மசோதா அதனைத் தனிப் பாதுகாப்புக்குரிய தரவாக வகைப்படுத்தியிருந்தது. 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அவ்வகை இல்லை. நோயாளியின் வேதனை நிறுவனங்களின் இலாபத்துக்கு மூலப்பொருளாகும் வாய்ப்பு திறந்தே கிடக்கிறது. ஆகவே, சீட்டைப் படம் பிடிக்குமுன் பெயரையும் பதிவெண்ணையும் மறைத்துக்கொள்வது நலம்.

கிளைகளின் பணி

கைப்பேசியே இல்லாத முதியோர், குறிப்பாகத் தனித்து வாழும் மூதாட்டியர், ஏராளம். கட்சிக் கிளைகளின் இளந்தோழர்கள் மருத்துவமனை செல்லும் நாளுக்கு முன் அவர்களோடு அரைமணி நேரம் அமரலாம். உண்ணும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரே தாளில் எழுதலாம். முதன்மையான மூன்று கேள்விகளை மேலே குறிக்கலாம். அதற்குக் கருவியின் துணையைக் கொள்வதில் தடையில்லை. ஆனால் அது தரும் விடையை மருத்துவரிடமோ செவிலியரிடமோ மருந்தாளுநரிடமோ சரிபார்த்த பின்னரே நம்ப வேண்டும்.

அத்துடன் பணி முடிந்துவிடாது. காலிப் பணியிடங்களை நிரப்புக, ஆய்வறிக்கைகளைத் தாய்மொழியிலும் வழங்குக, வீடு வீடாக நடக்கும் ஆஷா ஊழியர்களைத் தொழிலாளராக ஏற்று ஊதியம் தருக என்னும் கோரிக்கைகளும் அந்தத் தாளோடு சேர்ந்தே செல்ல வேண்டும். கட்டணம் செலுத்த இயலாமையால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என 1946-இலேயே போர் குழு வலியுறுத்தியது. எண்பது ஆண்டுகளாகியும் அந்த முதியவர் வரிசையில்தான் நிற்கிறார்.

‘செயலி இருக்கிறது, இனி மருத்துவர் எதற்கு?’ என்று நாளை ஆட்சியாளர்கள் கேட்கக்கூடும். கேள்வியை எழுதித் தரக் கருவி போதும். அந்தக் கேள்வியைக் காதுகொடுத்துக் கேட்க ஒரு மனிதரும், அவருக்குப் போதிய நேரமும் வேண்டும். அந்த நேரத்தை வென்றெடுப்பதே போராட்டம், தோழர்களே!