மலையிலே இருக்கும் ஊர்கள்: மண் யாருடையது?

(உடுமலைப்பேட்டையில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பகல் ஷிப்ட் முடிந்து, பஞ்சுத் தூசியைக்கூடத் தட்டாமல் நேரே வந்திருக்கிறீர்கள். களையெடுத்த கையோடு வந்த தாய்மார்களும் முன்வரிசையில் இருக்கிறார்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஊரிலிருந்து தெற்கே பார்த்தால் மலை தெரிகிறது. ஆடிப் பதினெட்டுக்குத் திருமூர்த்திமலைக்குப் போகிறோம். அணையைப் பார்க்கிறோம், அருவியில் குளிக்கிறோம், கட்டுச்சோறு தின்றுவிட்டுத் திரும்புகிறோம். அருவிக்கு மேலே ஊர்கள் இருக்கின்றன என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு, அமராவதிப் பக்கம் தளிஞ்சி, கோடந்தூர், ஈசல்தட்டு என்று பல ஊர்கள் இருக்கின்றன. முதுவரும் புலையரும் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கிறார்கள். கடலுக்கு நடுவே தீவு இருப்பதைப் போலக் காட்டுக்கு நடுவே அந்த ஊர்கள் இருக்கின்றன. தீவுக்காவது தோணி போகும். இங்கே பல ஊர்களுக்குக் கால்நடைப் பாதைதான். பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணைத் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து இறக்கிய சேதியைப் பத்திரிகையில் நீங்களே படித்திருப்பீர்கள்.

அங்கே எப்படி வாழ்கிறார்கள்? ராகி, சாமை, தினை, மொச்சை விதைக்கிறார்கள். மலைச்சரிவில் வளரும் தைலப்புல்லை அறுத்து, அடுப்பேற்றிக் காய்ச்சித் தைலம் இறக்குகிறார்கள். தேன் எடுக்கிறார்கள். முதுவர் ஊர்களில் கலியாணமாகாத இளவட்டங்களெல்லாம் ராத்திரியில் ஒன்றாகச் சாவடியில் தங்குவது வழக்கம். மதுரையிலிருந்து பிள்ளைகளை முதுகிலே சுமந்து மலையேறி வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

எத்தனை ஏக்கர்?

நான் அந்த ஊர்களில் ஒன்றில் ஒரு பெரியவரிடம், "ஐயா, உங்களுக்கு எத்தனை ஏக்கர் இருக்கும்?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "இத்தனை படி விதைப்புங்க" என்றார். நம் பாட்டன்மாரும் ஏக்கர் சொன்னதில்லையே, வள்ளக்காடு என்றுதானே சொன்னார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிலத்தை அளக்கிற கோல் சர்வேயருக்கு ஒன்று, விதைக்கிறவனுக்கு வேறு.

அடுத்து அவர் சொன்னதுதான் முக்கியம். எதிரே ஒரு சரிவு, புல்லும் புதருமாகக் கிடந்தது. "அது யாருடையது?" என்றேன். "இப்ப யாருதும் இல்லீங்க, ஊருது. மண்ணு இளைப்பாறுது. மறுபடி வெட்டித் திருத்துறவனுக்குப் போகும்" என்றார்.

இந்த ஒரு வார்த்தையை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், தோழர்களே! பூமி இளைப்பாறுகிறது என்கிறார் உழவர். அதையே, தரிசு, யாருக்கும் பாத்தியதை இல்லாதது, ஆகவே சர்க்காருடையது என்று எழுதிக்கொள்கிறான் கணக்கெழுத வந்தவன். மலைமக்கள் தங்கள் மண்ணை எப்படி இழந்தார்கள் என்ற முழுக் கதையும் இதற்குள் இருக்கிறது.

1882ஆம் வருஷம் பிரிட்டிஷ்காரர்கள் சென்னை வனச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். எந்தக் காட்டை ரிசர்வ் செய்யப் போகிறார்களோ அதைப் பற்றி அறிவிப்புப் போடுவார்கள். உரிமை இருக்கிறவர்கள் சில மாதக் கெடுவுக்குள் மனுச் செய்துகொள்ள வேண்டும். செய்யாதவர் உரிமை அற்றுப் போகும். படிக்கத் தெரியாத மக்கள், பாதையில்லாத மலை, அறிவிப்பு ஒட்டுவதோ கீழே! யார் மனுக் கொடுத்திருப்பார்கள்? வெள்ளைக்காரனுக்குக் கப்பலுக்கும் ரயிலுக்கும் மரம் வேண்டியிருந்தது. ஆனைமலைத் தேக்கை வெட்டி மலையுச்சியிலிருந்து கீழே சறுக்கிவிட்ட இடத்துக்கு இன்றைக்கும் டாப்ஸ்லிப் என்றுதான் பெயர். மரத்தை வெட்டிச் சறுக்கிவிட்டவனுக்குக் காட்டில் உரிமை, மரத்தடியில் குடியிருந்தவனுக்கு இல்லை!

சுமத்ராவிலும் இதே கதை

நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல இது. இந்தோனேஷியா ஆயிரக்கணக்கான தீவுகள் கொண்ட நாடு. சுமத்ராத் தீவின் மேற்குப் பக்கத்தில் மினாங்கபாவ் என்ற மக்கள் இருக்கிறார்கள். அவர்களிடத்தில் பரம்பரை நிலம் தாயிடமிருந்து மகளுக்கு வருகிறது. குடும்பத்தின் ஆண்பிள்ளை அதை விற்க முடியாது. அடகு வைப்பதென்றாலும் வழக்கம் ஒத்துக்கொள்ளும் காரணங்கள் நாலே நாலுதான். வீட்டில் பிணம் கிடக்கிறது, எடுக்கப் பணமில்லை. வயதுக்கு வந்த பெண்ணுக்குக் கலியாணம் ஆகவில்லை. குலத்தின் பெரிய வீடு ஒழுகுகிறது. காலியாகக் கிடக்கும் குலத்தலைவர் பட்டத்துக்கு ஆளை வைக்க வேண்டும். இவற்றுக்கு மட்டும் அடகு வைக்கலாம். குதிரைப் பந்தயத்துக்கும் குடிக்கும் பரம்பரை பூமியை விற்ற மைனர்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்த ஊர் வழக்கத்தில் அதற்கு இடமில்லை.

1870இல் டச்சு சர்க்கார், தன்னுடையது என்று எவரும் நிரூபிக்காத நிலமெல்லாம் சர்க்கார் நிலம் என்று ஜாவாவில் பிரகடனம் செய்தது. பிறகு அதை மற்றத் தீவுகளுக்கும் நீட்டினார்கள். நம் 1882க்கு அண்ணன் அது! சுதந்திர இந்தோனேஷியா 1960இல் புது நிலச் சட்டம் போட்டு டச்சுக்காரன் பிரகடனத்தை ரத்துச் செய்தது. அந்தச் சட்டப்படி நிலத்தைப் பங்கிடு என்று கேட்ட குடியானவர்கள் 1965-66இல் நடந்த படுகொலையில் லட்சக்கணக்கானோரோடு சேர்ந்து மாண்டார்கள். 1967இல் வனச் சட்டம் வந்து, வழக்கப்படி ஊருக்குச் சொந்தமான காடுகளை மறுபடியும் சர்க்கார் கையில் கொடுத்தது. 2013 மே மாதத்தில்தான் அந்நாட்டு அரசியல் சட்டக் கோர்ட், ஊர்வழக்கக் காடு சர்க்கார் காடு அல்ல என்று தீர்ப்புச் சொன்னது.

சரி, நம் மலைக்குத் திரும்புவோம்.

வெள்ளைக்காரன் போனான், சட்டம் போகவில்லை. 1976இல் ஆனைமலை வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. 2007இல் புலிகள் காப்பகம் ஆயிற்று. 958 சதுர கிலோமீட்டர் காடு அதன் மையப்பகுதி. புலி வேண்டாம் என்று சொல்கிறவன் அல்ல நான். பாம்பாறும் சின்னாறும் தேனாறும் அந்தக் காட்டு வழியாகத்தான் அமராவதி அணைக்கு வருகின்றன. காடு போனால் கீழே நம் கரும்பும் நெல்லும் போகும். ஆனால் காட்டை மொட்டையடித்தது ராகி விதைத்தவனா, தேக்கு வெட்டியவனா? ஒரு முருங்கைக்காய் அளவு வாரிக்கட்டையை எடுத்ததற்காக மலைக்காரரை நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள். அதிகாரிகளின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதை 1992இல் தருமபுரி ஜில்லா வாச்சாத்தியில் பார்த்தோம். சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்களை நாசப்படுத்தினார்கள். 269 பேர் மேல் வழக்கு. 2011இல் உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை. 2023இல் ஹைகோர்ட் அதை உறுதி செய்தது. பத்தொன்பது வருஷம் அந்த மக்கள் கோர்ட்டுப் படி ஏறி இறங்கித்தான் முதல் தீர்ப்பு வந்தது.

2006ஆம் வருஷச் சட்டம்

நாடெங்கும் மலைமக்கள் நடத்திய போராட்டத்தின் பலனாக 2006 டிசம்பரில் பார்லிமெண்டில் வன உரிமைச் சட்டம் நிறைவேறியது. இதில் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மலையிலிருந்து இறங்கி வருகிறவர் உங்களிடம் கேட்டால் நீங்கள் சொல்ல வேண்டும்.

2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் குடியிருந்து பாடுபடும் பழங்குடிகளுக்கு அந்த நிலம் பாத்தியமாகும். 4 ஹெக்டேர், அதாவது சுமார் 10 ஏக்கர் வரைக்கும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்த்து எழுத வேண்டும். பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. தேன், கடுக்காய் போன்ற சிறு வனப்பொருள்களைச் சேகரித்து விற்கிற உரிமை உண்டு.  இதற்கு மேலே, ஊர் முழுமைக்கும் சேர்த்து, தன் எல்லைக்குட்பட்ட காட்டைப் பாதுகாக்கிற உரிமையும் உண்டு. அந்தப் பெரியவர் சொன்னாரே, இளைப்பாறும் மண், ஊர்மண் என்று, அதற்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது அப்போதுதான். மனுக்களின் விசாரணை முடிகிற வரை யாரையும் வெளியேற்றக் கூடாது. புலிக்காப்பகத்தின் மையப்பகுதியிலிருந்துகூட, முதலில் உரிமையை அங்கீகரித்து, ஊர்ச்சபையின் சம்மதம் வாங்காமல் மாற்ற முடியாது.

மனுவை முதலில் விசாரிப்பது கலெக்டர் அல்ல, ஊர்ச்சபை. கூட்டத்துக்கு வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். சாட்சிக்குக் காகிதம்தான் வேண்டுமென்பதில்லை. பழைய வீட்டுமனை, கிணறு, சுடுகாடு, நட்டு வளர்த்த மரம் இவையும் சாட்சி. ஊர்ப்பெரியவர் சொன்னதை எழுதி வைத்தால் அதுவும் சாட்சி. ஆனால் ஒரு சாட்சி போதாது, ஒன்றுக்கு மேல் வேண்டும்; இதை மறந்துவிடாதீர்கள்.

ஊர்ச்சபைக்கு எவ்வளவு பலம் என்பதற்கு ஒரிஸ்ஸாவில் நியமகிரி மலையைச் சொல்லலாம். பாக்ஸைட் தோண்ட வேதாந்தா கம்பெனிக்காக மலையைக் கேட்டார்கள். ஊர்ச்சபைகளைக் கேளுங்கள் என்று 2013இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. கூடிய 12 ஊர்ச்சபைகளும் முடியாது என்றன. மலை நின்றது.

தமிழ்நாட்டில் நடந்தது வேறு. 2008இல் சென்னை ஹைகோர்ட்டின் இடைக்காலத் தடையால் பட்டா கொடுப்பது நின்றது. 2016இல் சுப்ரீம் கோர்ட்டில்தான் அந்தத் தடை நீங்கியது. எட்டு வருஷம்! சாட்சி சொல்லக்கூடிய கிழவர்கள் எத்தனை பேர் இதற்குள் மண்ணுக்குள் போயிருப்பார்கள்? 2019 பிப்ரவரியில், மனுத் தள்ளுபடியானவர்களை வெளியேற்றச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டே உத்தரவிட்டது. நாடு கொதித்தெழுந்ததும் அதே மாதக் கடைசியில் அதை நிறுத்தி வைத்தது.

இன்னொரு அநியாயமும் இருக்கிறது. முதுவர் சர்க்கார் பட்டியலில் பழங்குடிகள். பக்கத்து ஊர்ப் புலையர் அதே மலை, அதே மழை, அதே ராகி; ஆனால் பட்டியலில் பழங்குடிகள் அல்லர். தங்களையும் அதில் சேர்க்க வேண்டும் என்று நெடுங்காலமாகக் கேட்கிறார்கள். பட்டியலில் இல்லாதவர் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம் காட்டில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும் என்கிறது சட்டம். 2005லிருந்து பின்னோக்கி எண்ணினால் 1930. அந்த வருஷத்தில் தன் பாட்டன் எங்கே இருந்தான் என்பதற்கு இந்தக் கூட்டத்தில் யாராவது சாட்சி வைத்திருக்கிறீர்களா? என்னிடம் இல்லை.

நமக்கு என்ன?

பின்வரிசையில் ஒரு தோழர், இது மலைக்காரர் சங்கதி, மில்லுக்காரனுக்கு என்ன என்று பக்கத்திலிருப்பவரிடம் கேட்பது தெரிகிறது. நியாயமான கேள்வி. தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிற விவசாயத் தொழிலாளியைக் கேளுங்கள். பண்ணையத்தில் வேலை இருக்கிற வரைக்கும்தான் சாளை. ஆலை லைன் வீடும் அப்படித்தான். வேலை போன மறுநாள் சாமான் தெருவில். பாடுபடுகிறவன் காலடியில் இருக்கும் மண் இன்னொருவன் பெயரில் இருக்கிறது. பிறர் நிலத்தில் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளிக்குக் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்கும் சட்டம் 1971லேயே தமிழ்நாட்டில் வந்தது. அதைக் கேட்டு வாங்கியவனுக்குக் கிடைத்தது. கேட்கத் தெரியாதவனுக்கு, கேட்டால் நாளைக்குக் கூலி நின்றுவிடும் என்று பயந்தவனுக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே நான் ஒரு வேலை கேட்டு வந்திருக்கிறேன். ஊர்ச்சபையில் தேறிய மனு அடுத்து வருவது ஆர்.டி.ஓ. தலைமையில் இருக்கும் கோட்டக் கமிட்டிக்கு. அந்த ஆபீஸ் இருப்பது மலையில் அல்ல, நம் உடுமலையில். அங்கிருந்து கலெக்டர் கமிட்டிக்குத் திருப்பூர் போகிறது. விடியற்காலையில் கால்நடையாக இறங்கி, பஸ் பிடித்து இங்கே வருகிறார்கள். ஆபீசர் இல்லை, நாளைக்கு வா என்றால் இன்னொரு நாள் கூலியும் போய்விடும். தள்ளுபடி செய்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். குறிப்பிட்ட இன்ன காகிதம் இல்லை என்று சொல்லித் தள்ளவும் கூடாது. மேல்மனுப் போட 60 நாள் உண்டு. அந்தக் காகிதம் கையில் கிடைத்தும், படித்துச் சொல்ல ஆளில்லாமல், கூரையில் செருகி வைத்தபடியே 60 நாள் ஓடிப்போன வீட்டை நான் பார்த்துவிட்டு வந்தேன்.

ராத்திரி ஷிப்ட் பார்க்கிற தோழர்களுக்குப் பகலில் கொஞ்சம் ஒழிவு உண்டு. முறை வைத்துக்கொண்டு இரண்டிரண்டு பேராக ஆபீஸ் வாசலுக்குப் போங்கள். வருகிறவர் காகிதத்தை வாங்கிப் படித்துக் காட்டுங்கள். எந்தத் தேதியில் கையில் கிடைத்தது என்று கேட்டு, அதன் மூலையில் எழுதிக் கொடுங்கள். பட்டா வந்திருந்தால் மனைவி பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த அம்மாளையும் கூட்டிக்கொண்டு உள்ளே போங்கள்.