பிசுக்கும் பிளாஸ்டிக்கும்

ஸ்கூட்டரைக் கழற்றித் துடைக்கும் பட்டறைகளில் ஒரு தகரக் குவளையும் அதில் சிறிது பெட்ரோலும் இருப்பது பெருவழக்கு. பற்சக்கரமாயினும் இரும்புத் திருகாயினும் அக்குவளையில் தோய்த்துத் தூரிகையால் தேய்த்தால், கரிய பிசுக்குக் கரைந்தோடிவிடும். இரும்புக்கு அதனால் கேடில்லை. ஆனால், பிளாஸ்டிக் உறுப்புகளையும் அதே குவளையில் தோய்க்கும் பழக்கம் ஏற்பட்டுவிட்டதே, அதைக் குறித்துத்தான் மாணவ நண்பர்களாகிய உங்களோடு இன்று பேச விரும்புகிறேன்.

1946ஆம் ஆண்டில் இத்தாலியில் வெஸ்பா பிறந்தபோது அதன் உடல் எஃகுத் தகட்டாலானது. 1958இல் ஜப்பானிய ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் என்னும் சிறு வண்டியை வெளியிட்டபொழுது, ஓட்டுபவரின் கால்களைக் காக்கும் முன்மறைப்பைப் பாலிஎதிலீனால் செய்தது. இன்றைய ஸ்கூட்டர்களிலோ மூடிகளும் விளக்குக் கண்ணாடியும் பெரும்பாலும் பிளாஸ்டிக்கே.

பிளாஸ்டிக் என்று ஒரே பெயரால் அழைக்கிறோமேயன்றி, அது ஒரு பொருளன்று, ஒரு பெருங்குடும்பம். பளபளக்கும் பக்க மூடிகள் பல ஏ.பி.எஸ். என்னும் வகை. சக்கரத்தின் உட்புறம் சேறு தடுக்கும் மங்கலான கறுப்பு உறுப்புகள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். முன்விளக்கின் 'கண்ணாடி' பாலிகார்பனேட். இவற்றுள் பாலிபுரோப்பிலீன், சிறிது உப்பினாலும், பெட்ரோலை ஒருவாறு தாங்கிக்கொள்ளும். "பல ஆண்டுகளாகப் பெட்ரோலால்தான் துடைக்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று ஒருவர் கூறினால் அவர் பொய் கூறவில்லை, அவர் துடைத்தது இவ்வகையாக இருந்திருக்கும். மற்ற இரண்டும் அப்படியல்ல.

அவற்றுக்கு நேரும் கேடு உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. பிளாஸ்டிக் என்பது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகள் பின்னிக் கிடக்கும் பொருள். அச்சில் வார்த்துக் குளிரும்போதே அதனுள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. திருகை முடுக்கும் இடத்தில் இறுக்கம் மேலும் கூடுகிறது. பெட்ரோல் அவ்விடத்தில் புகுந்து சங்கிலிகளின் பிடியைத் தளர்த்துகிறது. துடைத்த அன்று மூடி புதிதுபோல் மின்னும். சில நாட்களோ வாரங்களோ கழித்துத் திருகுத் துளையைச் சுற்றி மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். பின்பு ஒருநாள், மேடுபள்ளத்தில் வண்டி குலுங்கும்போது காது உடைந்து மூடி தொங்கும். உற்பத்தியாளரின் மேல் பழி போடுவோம், குவளையை நினைக்கமாட்டோம். மண்ணெண்ணெயின் வேகம் குறைவாயினும் குணம் அதே இனந்தான். தின்னரோ, அசிட்டோனோ ஏ.பி.எஸ். வகையைக் கரைத்தே விடும்.

உறுப்பு போனால் வாங்கிக்கொள்ளலாம். பெட்ரோல் ஆவியின் செய்தி அதனினும் கடுமையானது. சுழிக்குக் கீழே 40 டிகிரி சென்டிகிரேடு அளவிலான குளிரிலும் பெட்ரோல் தீப்பற்றத்தக்க ஆவியை வெளியிடவல்லது. அவ்வாவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று, அடுத்த அறையில் எரியும் அடுப்பை எட்டும். உலர்ந்த துணியால் பிளாஸ்டிக்கைத் தேய்க்கும்போது மின்னேற்றமும் உண்டாகிறது என்பதைப் பள்ளியில் சீப்பையும் காகிதத் துணுக்குகளையும் கொண்டு நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒரு பொறி போதும். போதாக்குறைக்கு, பெட்ரோலில் கலந்துள்ள பென்சீன் புற்றுநோய் விளைவிப்பது.

அப்படியாயின் பிசுக்கை எதனால் போக்குவது? பாத்திரம் துலக்கும் சோப்பு நீர் போதும். எண்ணெய்க் குளியலன்று சிகைக்காய் செய்யும் வேலையும் இதுவே: மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பற்ற, மறுமுனை நீரைப் பற்ற, இடையே அகப்பட்ட எண்ணெய் நுண்துளிகளாகி நீரோடு சென்றுவிடுகிறது. வேடிக்கை என்னவெனில், கிரீஸ் என்பதே பெரும்பாலும் எண்ணெயை ஒருவகைச் சோப்பினால் கெட்டியாக்கிச் செய்ததுதான்!

முதலில் உறுப்பைக் கழற்றி, மணலும் புழுதியும் போக நீர் ஊற்றுக. மணலோடு தேய்த்தால் கீறல் விழும். கெட்டியான பிசுக்கை மரக்குச்சியால் வழித்துவிடுக, கத்தி வேண்டாம். பின் கை பொறுக்கும் சூடுள்ள சோப்பு நீரைப் பூசிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, பழைய பல் தூரிகையால் மெல்லத் தேய்க்கலாம். கொதிநீர் ஆகாது, மூடி வளைந்துபோகும். ஒரு முறையில் போகாவிடில் இருமுறை செய்வதே வழி. அவசரக்காரர்களே குவளையைத் தேடுகிறார்கள். நன்கு அலசி நிழலில் உலர்த்துக. அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பு நீரை விளக்குக் கண்ணாடியில் பூசவேண்டாம். பாலிகார்பனேட்டுக்கு அது பகை.

மூடியைத் திருப்பிப் பார்த்தால் அதன் உட்புறத்தில், இரு கூர்முனைக் குறிகளுக்கிடையே, ஏ.பி.எஸ்., பி.பி., பி.சி. என ஆங்கில எழுத்துகள் பல வண்டிகளில் பொறிக்கப்பட்டிருக்கும். அதுவே அப்பொருளின் குலப்பெயர், பி.பி. என்பது பாலிபுரோப்பிலீன், பி.சி. என்பது பாலிகார்பனேட். வழித்தெடுத்த கிரீஸைச் சாக்கடையில் தள்ளாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். பழைய எஞ்சின் எண்ணெயைச் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம்.