சிவப்பு ஓடெல்லாம் ரோமாபுரி ஓடா?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கீழடி அருங்காட்சியகம் போய் வந்ததிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்வி. "சார், வயலில் கிடக்கும் சிவப்பு ஓடு ரோமாபுரி ஓடா? ஷோகேஸில் வைக்கலாமா?" நான் பி.காம். படித்து வங்கியில் கிளார்க்காக இருந்தவன். தொல்லியல் எல்லாம் ஓய்வுக்குப் பிறகு புத்தகத்தில் படித்ததுதான்.

இத்தாலியில் அரெஸ்ஸோ என்று ஒரு ஊர். ஏறக்குறைய கி.மு. 30 முதல் கி.பி. 50 வரை அங்கே செய்த சிவப்புத் தட்டுகளையும் கிண்ணங்களையும் அரிட்டைன் என்கிறார்கள். நம்மூர்ச் சட்டியும் சிவப்புதானே என்பீர்கள். உடைந்த விளிம்பைப் பாருங்கள். அரிட்டைனில் களிமண் மாவு போல நைசாக இருக்கும். மேலே மெழுகு தேய்த்தது மாதிரி மினுமினுப்பு. அடியில் கச்சிதமான வளையம். உள்ளே நடுவில் பட்டறைக்காரரின் பெயர் முத்திரை. சிலவற்றில் அந்த முத்திரை பாதச்சுவடு வடிவத்தில் இருக்கும். ரப்பர் ஸ்டாம்ப் குத்தியே காலம் கழித்த எனக்கு இதில் தனிப் பிரியம்!

புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் இப்படிப்பட்ட ஓடுகள் கிடைத்தன. சென்னை அருங்காட்சியக அலமாரியில் ஆம்போரா எனும் ரோமானிய மதுச்சாடியின் துண்டு ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் மார்ட்டிமர் வீலர் துரை அரிக்கமேட்டுக்குப் போனார். 1945-ல் அங்கே தோண்டினார். விபியே, கமுரி, இட்டா என்ற முத்திரைகள் வெளிவந்தன. தென்னிந்திய மண்ணடுக்குகளுக்குக் காலம் சொல்ல அதுவரை சரியான பிடி இல்லை. அரிட்டைன் செய்த காலம் தெரியும் என்பதால், அதே அடுக்கில் கிடந்த நம்மூர்ப் பானைகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. தேதி போட்ட ஒரு வவுச்சர் கிடைத்தால், அதே கட்டிலுள்ள தேதியில்லாத தாள்களையும் கணக்கில் கொண்டுவந்துவிடலாம் அல்லவா, அது போலத்தான்.

வீலரே தடுமாறிய இடமும் உண்டு. உட்புறம் வட்ட வட்டமாகப் புள்ளிக்கோடு ஓடும் மெல்லிய சாம்பல், கறுப்புத் தட்டுகளுக்கு ரௌலெட்டட் என்று பெயர். கீழடியிலும் அழகன்குளத்திலும் கிடைத்திருக்கின்றன. இவை மத்தியதரைக்கடல் நாட்டுச் சரக்கு என்று அவர் நினைத்தார். பிறகு விமலா பெக்லி அம்மையார் இவை இந்தியாவிலேயே செய்தவை என்று வாதிட்டார். களிமண்ணைச் சோதித்த ஆய்வுகளும் அதையே சொல்லின. வெளிநாட்டு லேபிள் போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

ஆம்போரா என்றால் கழுத்தின் இரு பக்கமும் கைப்பிடி, கீழே கூம்பிய அடி. வெசுவியஸ் எரிமலைப் பக்கத்துச் சாடியென்றால் களிமண்ணில் கறுப்பு மணல் மிளகுப் பொடி தூவியது போலத் தெரியும். கைப்பிடி இல்லாமல் உள்ளே தார் பூசியிருந்தால் அது மெசபடோமியா பக்கத்து டார்பிடோ சாடி. நம் நாட்டில் ஆம்போரா என்று எழுதிவைத்த பல துண்டுகள் மறு ஆய்வில் இந்த வகையாகிவிட்டன.

இப்போது ஷோகேஸ் விஷயம். எடுக்காதீர்கள் என்பதே என் பதில். எந்த ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடந்தது என்பதுதான் ஓட்டின் மதிப்பு. நம் வீட்டுக்கு வந்துவிட்டால் அது வெறும் சில்லு. நம் கொட்டாம்பட்டிப் பக்கமும் பிளாட் போடுகிறார்கள், அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். மண்ணுக்குள் புதைந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 1878-ஆம் வருடப் புதையல் சட்டம் அப்படிச் சொல்கிறது. கிடந்த இடத்திலேயே விட்டு, போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ.விடம் உடனே சொல்லுங்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை லைசென்ஸ் இல்லாமல் வியாபாரம் செய்ய 1972-ஆம் வருடச் சட்டம் இடம் தரவில்லை. ஆன்லைனில் "ரோமானிய ஜாடி" என்று விலை சொல்பவரிடம் முதலில் லைசென்ஸைக் கேளுங்கள்.

சேர்த்தே தீரவேண்டும் என்பவர்களுக்குக் காரைக்குடி பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. பீங்கானைத் திருப்பி அடியைப் பாருங்கள். 'மேட் இன் இத்தாலி' என்று ஆங்கிலத்தில் இருந்தால் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு. அமெரிக்கா 1890-ல் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று சட்டம் போட்ட பிறகு பரவிய வழக்கம் அது. அழகுக்காக வாங்கலாம், புராதனம் என்று விலை கொடுக்க வேண்டாம்.

அரிக்கமேட்டு ஓடுகளைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். வேன் ஏற்பாடு செய்ய நான் தயார். வருகிறவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.