பல்லுக்கும் கீற்று போட்டு மூடணும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு முன்னால் பேசியவர்கள் சேமிப்பு, வங்கிக் கடன், தொழில் என்று பேசினார்கள். என்னைப் பல்லைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "பல்லைப் பத்திப் பேச என்னா இருக்கு?" என்று நானும் முதலில் சிரித்தேன். ஆனால் நான் ஒரு பல்லைப் பறிகொடுத்தவள், ஒரு பல்லைக் காப்பாற்றியவள். முதல் பல்லுக்கு நான் தனியாக நின்றேன். இரண்டாவது பல்லுக்கு என் குழு கூட நின்றது. அதனால்தான் பேச ஒத்துக்கொண்டேன்.

நாமெல்லாம் உப்பளத்தில் பாதி ஆயுசைக் கழித்தவர்கள். இருட்டோடு பாத்தியில் இறங்குகிறோம். சும்மாடு வைத்துக் கூடையைத் தூக்கும்போது பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் தூக்குகிறோம். ஒதுங்க மறைவிடம் இல்லையே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறோம். வாய் காய்ந்து கிடக்கும். களைப்புக்குச் சர்க்கரை தூக்கலாக டீ, நாளைக்கு நாலு தடவை. சில பேருக்குப் பசியை அடக்க பாக்கு, புகையிலை. காய்ந்த வாயில் இனிப்பு தங்கினால் பல் சொத்தையாகாமல் என்ன செய்யும்?

என் கதையைச் சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலம். இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல் வலி. கிராம்பு வைத்தேன், யாரோ சொன்னார்கள் என்று புகையிலையும் வைத்தேன். ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை. டாக்டரிடம் போனதும் "சொத்தை நரம்பு வரைக்கும் போயிடுச்சு, ரூட் கேனால் பண்ணா பல்லைக் காப்பாத்தலாம்" என்றார். மூன்று முறை போய் வந்தேன். வலி நின்றுவிட்டது. கடைசி நாள் அவர் சொன்னார், "இன்னும் வேலை முடியலம்மா. மேல கேப் போடணும், சீக்கிரம் வாங்க."

வலிதான் போயிடுச்சே, இன்னும் எதுக்குச் செலவு என்று நினைத்தேன். தை பிறந்ததும் உப்பளத்து வேலை ஆரம்பித்துவிட்டது. கையில் இருந்த பணம் மகளின் படிப்புக்குப் போனது. ஏழு மாதம் கழித்து ஒரு நாள் வேர்க்கடலை கடித்தேன். 'டக்'கென்று ஒரு சத்தம். பல் இரண்டாகப் பிளந்து, விரிசல் வேர் வரைக்கும் இறங்கிவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாது என்று பிடுங்கிவிட்டார்கள். பல்லும் போச்சு, ரூட் கேனாலுக்குக் கொடுத்த காசும் போச்சு. டாக்டர் மேல் தப்பில்லை. அவர் சொன்னார், நான்தான் கேட்கவில்லை.

ஏன் அப்படிப் பிளந்தது என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. சொத்தை பாதிப் பல்லைத் தின்றிருக்கும். நரம்பை எடுக்க நடுவில் துளை போட்டிருப்பார்கள். மிச்சம் இருப்பது மெல்லிய சுவர்தான். கடைவாய்ப்பல்லில்தான் நாம் அழுத்திக் கடிக்கிறோம். அந்தப் பாரத்தைச் சுவர் தாங்காது. நம்ம வேலையிலேயே பாருங்கள். உப்பை வாரி அம்பாரம் போட்டதோடு விட்டுவிடுகிறோமா? மழைக்கு முன்னால் கீற்று போட்டு மூடுகிறோம். மூடாவிட்டால் ஒரு மழைக்குத் தாங்குமா? ரூட் கேனால் என்பது அம்பாரம் போடுவது. கேப் என்பது கீற்று போட்டு மூடுவது. மூடினால்தான் வேலை முடிந்தது.

இடது பக்கம் பல் போனதும் வலது பக்கமே மென்றேன். இரண்டு வருஷத்தில் வலது பக்கப் பல்லும் சொத்தை. இந்தத் தடவை பிடுங்கிவிட்டு வந்துவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். அந்த வாரம் குழுக் கூட்டத்தில் சுண்டல் கொடுத்தார்கள். நான் கையிலேயே வைத்திருந்ததை எங்கள் ஊக்குநர் பார்த்துவிட்டாள். "ஏங்க்கா சாப்பிடல?" என்றாள். பல்லு என்றேன். "வைத்தியத்துக்குக் கடன் கேளேங்க்கா" என்றாள். "பல்லுக்கெல்லாமா கடன் கேப்பாங்க? வூட்டுக்காரர் சிரிப்பாரு" என்றேன்.

அவள் பேரேட்டைப் பிரித்துப் படித்தாள். காதுகுத்துக்குக் கடன், மகனுக்கு வண்டி வாங்கக் கடன், கூரை மாற்றக் கடன், மாமியாருக்கு ஆபரேஷன், மாட்டுக்கு வைத்தியம். "மாட்டுக்குக் கூட வாங்கியிருக்கோம். நம்ம உடம்புக்குன்னு நாம வாங்கினது எங்க இருக்கு, காட்டுங்க" என்றாள். யாரும் பேசவில்லை. அன்றைக்கே தீர்மானம் எழுதி எனக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். பன்னிரண்டு தவணையில் கட்டி முடித்தேன். அந்தப் பல்தான் இன்றைக்கும் என் வாயில் இருக்கிறது.

சகோதரிகளே, கேப் போடுவது எப்படி என்று பயப்படாமல் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். சின்னச் சொத்தை என்றால் அடைத்தாலே போதும், எல்லாப் பல்லுக்கும் கேப் வேண்டியதில்லை. "ஏன் வேணும்?" என்று தாராளமாகக் கேளுங்கள். வேணும் என்றால் பல்லைச் சுற்றிலும் கொஞ்சம் ராவி, பசை மாதிரி ஒன்றை வைத்து அச்சு எடுப்பார்கள். அந்த அச்சை வைத்து லேபில் கேப் செய்து வரச் சில நாள் ஆகும். அதுவரைக்கும் தற்காலிகக் கேப் போட்டுவிடலாம். அந்த நாட்களில் கமர்கட், கடலை மிட்டாய் மாதிரி ஒட்டுகிற பண்டம் வேண்டாம். மறுபக்கம் மெல்லுங்கள். கேப் வந்ததும் வைத்துப் பார்த்து, கலர் காகிதத்தைக் கடிக்கச் சொல்லி, உயரம் சரி செய்து ஒட்டுவார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பல் மட்டும் முதலில் இடிக்கிற மாதிரி இருந்தால், பழகிவிடும் என்று இருக்காதீர்கள். திரும்பப் போய்ச் சரி செய்துகொள்ளுங்கள்.

கேப்பில் பல வகை உண்டு. முழுக்க உலோகம், உலோகத்தின் மேல் பீங்கான், சிர்கோனியா. என் மகள் "வெள்ளையா போடும்மா" என்றாள். கடைவாய்க்கு உலோகமே உறுதி, செலவும் குறைவு என்று டாக்டர் சொன்னார். அதையே போட்டேன். சிரித்தால் கொஞ்சம் பளிச்சென்று தெரியும், தெரியட்டுமே! ஒன்று கவனிக்க வேண்டும். கவரிங் நகை போட்டால் அரிப்பு வருகிறவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சில உலோகக் கேப்பிலும் நிக்கல் கலந்திருக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், கர்ப்பிணிகளும் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ரூட் கேனாலுக்கு எவ்வளவு, கேப்புக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். பாதியில் நிற்காமல் இருக்க, இரண்டுக்கும் சேர்த்தே கடன் கேளுங்கள். அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் முதலில் காட்டலாம். நம்ம கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினால் புதுச்சேரி. அங்கே கோரிமேட்டில் அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரி மருத்துவமனைகளில் நாலைந்து தடவை அலைய வேண்டியிருக்கும், செலவு குறையும். சாலையோரத்தில் உட்கார்ந்து பல் கட்டுகிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள்.

அடுத்து, கேப் போட்டாச்சு, இனி பல்லுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்க வேண்டாம். கேப் சொத்தையாகாது, ஆனால் அதன் அடியில் இருக்கிற பல் சொத்தையாகும். கீற்றின் ஓரம் தூக்கிக்கொண்டால் தண்ணீர் உள்ளே போகிற மாதிரி, ஈறும் கேப்பும் சேருகிற ஓரத்தில்தான் அழுக்கு தங்கும். காலையும் ராத்திரியும் மெல்லிய பிரஷ், ஃபுளோரைடு பற்பசை வைத்து அந்த ஓரத்தைத் தேய்க்க வேண்டும். பல் இடுக்கை அதற்கென்று இருக்கிற நூலால் சுத்தம் செய்யலாம். செங்கல் பொடி, சாம்பல், உப்புக் கல் வேண்டாம். உப்பில் பிறந்தவர்கள்தான் நாம், ஆனால் உப்பு கொப்பளிக்கத்தான், தேய்க்க அல்ல. நண்டு ஓட்டையும் எலும்பையும் அந்தப் பல்லால் உடைக்காதீர்கள். மசாலா பாக்கெட்டைப் பல்லால் கிழிக்காதீர்கள்.

கேப் கழன்று வந்தால் கழுவி ஒரு டப்பாவில் போட்டு, இரண்டொரு நாளில் டாக்டரிடம் எடுத்துப் போங்கள். வீட்டில் இருக்கிற பசையால் ஒட்டவே கூடாது. கன்னம் வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே போங்கள். வாய் திறக்கவோ விழுங்கவோ முடியவில்லை என்றால் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

முக்கியமான ஒன்று. நரம்பு எடுத்த பல்லில் உள்ளே சொத்தை வந்தாலும் பல்கூச்சமோ வலியோ முன்கூட்டிச் சொல்லாது. அதனால் வலி இல்லை என்பதை வைத்து நல்லா இருக்கிறது என்று முடிவு செய்யக்கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது காட்டுங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒரு கேப் பத்து வருஷத்துக்கு மேலும் உழைக்கும். இன்னொன்று, பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று பயந்து சில பேர் சீழோடு இருக்கிறார்கள். அது உண்மை இல்லை. பிடுங்கித்தான் ஆக வேண்டிய பல்லைப் பிடுங்கலாம். காப்பாற்றக் கூடியதைக் காப்பாற்ற வேண்டும்.

மழை பிடித்தால் நமக்கு வேலை இல்லை. ஆஸ்பத்திரிக்கு அலைய அதுதான் நேரம். ஆனால் அப்போதுதான் கையில் காசும் இருக்காது. அதனால் கூலி வருகிற மாதங்களிலேயே கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். புரட்டாசிக்குள் ஒரு தடவை பல்லைக் காட்டிவிடுவோம். தை பிறப்பதற்குள் கேப் வரைக்கும் முடித்துவிடுவோம். ஒவ்வொரு குழுவும் "உறுப்பினர் உடல்நலக் கடன்" என்று பேரேட்டில் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்று இந்த மேடையில் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் குழுவில் அந்தப் பக்கத்தில் முதல் பெயர் என்னுடையது. இப்போது அதற்குக் கீழே இன்னும் நாலு பெயர் இருக்கிறது. ஒருத்திக்குக் கண்ணாடி, ஒருத்திக்குக் கர்ப்பப்பைப் பரிசோதனை, இரண்டு பேருக்குப் பல். கேட்க வெட்கப்பட்டவள் ஒருத்தி கேட்டதும், மற்றவர்களுக்கும் வாய் திறந்தது. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். நாம் சொல்லையும் விட வேண்டாம், பல்லையும் விட வேண்டாம்.