காற்றை இரு கட்டங்களில் அமுக்குவது ஏன்?

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து லோயர் கேம்பைக் கடந்து குமுளிக்கு ஏறும் மலைப்பாதையில், கோடை முற்றிய நாட்களில் ஒருவகை லாரிகள் அடிக்கடி கண்ணில் படும். ஒன்றின் முதுகில் இரும்புக் கோபுரம் ஒன்று மடக்கிப் படுக்கவைக்கப்பட்டிருக்கும். அதன் பின்னே நீண்ட குழாய்களைச் சுமந்து மற்றொன்று வரும். மக்கள் 'போர் வண்டி' என்று அழைக்கும் ஆழ்துளைக் கிணற்று யந்திரம் இதுவே. இவ்வண்டிகளில் பலவற்றுக்குத் தாயகம் திருச்செங்கோடு. நாடு வதும் சுற்றி வருகிற அவை, இங்கே ஏலக்காய்த் தோட்டங்களை நாடி ஏறுகின்றன. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் இடுக்கி மாவட்டத்து ஏலச்செடிகள் நீரின்றிக் கருகிப் பெருஞ்சேதம் விளைந்ததை நேயர்கள் அறிவர். அத்தகைய நாட்களில் இவ்வண்டியின் வரவைத் தோட்டக்காரர்கள் மழையின் வரவைப்போல் எதிர்நோக்குகிறார்கள்.

கோபுரத்தையும் குழாயையும் எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் பாறையை உடைக்கும் ஆற்றல் அவற்றில் இல்லை. அது டீசல் யந்திரத்தை அடுத்து ஒரு வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் மறைந்திருக்கும் கம்ப்ரெஸரில், அதாவது காற்றை அமுக்கும் சுழல் யந்திரத்தில் இருக்கிறது. அதன் அமைப்பைப் பற்றியும், சமவெளிக்கென்று செய்த அந்த யந்திரம் குமுளியின் உயரத்தில் படும் பாட்டைப் பற்றியும் இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

துளையின் அடியில் நடப்பதை முதலில் பார்ப்போம். குழாயின் நுனியில் ஒரு சுத்தியல் பொருத்தப்பட்டிருக்கிறது. மேலிருந்து வரும் காற்று அதனுள் ஒரு பிஸ்டனை மேலும் கீழும் ஓட்டிப் பாறையை இடிக்கச் செய்கிறது. வேலை முடித்த காற்று, உடைந்த கற்பொடியை வாரிக்கொண்டு குழாய்க்கும் துளைச் சுவருக்கும் இடையே உள்ள சந்து வழியாக மேலேறி வருகிறது. ஆகவே காற்றினிடம் நாம் எதிர்பார்ப்பவை இரண்டு. பொடியைத் தூக்கி வீச அளவு வேண்டும்; ஆழத்தை வெல்ல அழுத்தம் வேண்டும். பத்து மீட்டர் உயரமுள்ள நீர் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தரும். ஆயிரம் அடித் துளையில் 200 மீட்டருக்கு நீர் தேங்கிவிட்டால், அடியிலிருந்து வெளியே வர முயலும் காற்றை 20 வளிமண்டல அழுத்தம் எதிர்த்து நிற்கும். எனவேதான் ஆழம் செல்லும் வண்டிகளில் சதுர அங்குலத்துக்கு 350 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 24 வளிமண்டல அழுத்தத்தில், நிமிடத்துக்கு ஆயிரம் கன அடிக்கு மேற்பட்ட காற்றை உள்வாங்கி அமுக்கும் யந்திரங்களைக் காண்கிறோம். அந்த 24 என்பது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேற்பட்ட அளவு. வெளிக்காற்றையும் சேர்த்தால் 25 ஆகும்.

இவ்வளவையும் ஒரே மூச்சில் அமுக்கினால் என்ன? சைக்கிளுக்குக் காற்றடித்தவர்கள் அனைவரும் இதற்கு விடை சொல்லலாம். பம்பின் அடிப்பகுதி சுடும். அமுக்கப்படும் காற்று சூடேறுவது இயற்கை. சூடேறிய காற்று விரிய முயல்வதால் அதை மேலும் அமுக்குவது கடினமாகிறது. நாம் செலவிடும் ஆற்றலில் ஒரு பகுதி, நம்மையே எதிர்க்கும் வெப்பமாக மாறி நிற்கிறது எனலாம். வெளிக்காற்று 27 பாகை சென்டிகிரேடில் இருக்க, அதை 27 மடங்கு அழுத்தத்துக்கு ஒரே கட்டத்தில், வெப்பம் வெளியேற வழியின்றி அமுக்கினால், அதன் வெப்பநிலை ஏறத்தாழ 500 பாகைக்குச் செல்லும். எந்த மசகெண்ணெயும் அங்கே நில்லாது. 27 என்ற எண்ணை ஏன் எடுத்தேன் என்பது பிறகு விளங்கும்.

மலைகளைக் குடைந்தவர்கள் இச்சங்கடத்தை நூற்றாண்டுக்கு முன்பே சந்தித்தார்கள். ஆல்ப்ஸ் மலையில் 1872 முதல் 1882 வரை நடந்த கோத்தார்டு சுரங்க வேலையில், கொலாடன் என்ற ஜெனீவா அறிஞரின் கம்ப்ரெஸர்கள் பயன்பட்டன. சிலிண்டருக்குள்ளேயே நீரைத் துளிகளாகத் தூவி, அமுக்கப்படும்போதே காற்றைக் குளிரவைத்தார் அவர். இந்த யுக்தியின் பேரன் இன்றைய போர் வண்டியிலும் வாழ்கிறான். நீருக்குப் பதில் எண்ணெய், வேறுபாடு அவ்வளவே.

மற்றொரு வழி, அமுக்குவதைக் கட்டங்களாகப் பிரிப்பது. சிறிது அமுக்கி, குளிரவைத்து, மீண்டும் அமுக்குவது. உராய்வையும் கசிவையும் ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டுப் பார்ப்போம். காற்றைச் சற்றும் சூடேறவிடாமல் 27 மடங்கு அமுக்க 100 பங்கு உழைப்பு வேண்டுமென்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தை வெளியேற்றாது ஒரே கட்டத்தில் அமுக்கினால் 166 பங்கு ஆகும். இடையே பழைய வெப்பநிலைக்குக் குளிரவைத்து இரண்டு கட்டங்களில் அமுக்கினால் 128, மூன்று கட்டங்களில் 117, நான்கில் 113. முதல் பிரிவினையில் 38 பங்கு மிச்சமாகிறது, அடுத்ததில் 11, அதற்கடுத்ததில் வெறும் நான்கு. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிக் கூடு, பேரிங்கு, பற்சக்கரம், குழாய் ஆகியவை தேவை. அவை தரும் உராய்வு இந்த நான்கு பங்கை எளிதில் விழுங்கிவிடும். லாரியின் முதுகிலே ஏறவேண்டிய யந்திரத்துக்கு இரண்டு கட்டங்களே போதுமென்று வடிவமைப்பாளர்கள் நின்றுகொண்டதில் வியப்பில்லை.

இனி, சுழல் யந்திரம் ஏன் என்ற கேள்வி. பிஸ்டன் யந்திரம் இந்த அழுத்தத்தை நன்றாகவே தரும். ஆனால் நிமிடத்துக்கு ஆயிரம் கன அடியை அது விழுங்க வேண்டுமானால் உடல் பெருக்க வேண்டும். முன்னும் பின்னும் ஆடும் அதன் எடை வண்டியையே குலுக்கிவிடும். ஸ்க்ரூ கம்ப்ரெஸரில் முன்பின் ஆட்டமே கிடையாது. இரண்டு உருளைகள் கரும்பாலையில்போல் அருகருகே சுழல்கின்றன. ஒன்றில் திருகாக ஓடும் மேடுகள், மற்றொன்றில் அவற்றை ஏற்கும் பள்ளங்கள். நான்கு மேட்டுக்கு ஆறு பள்ளம் என்பது நெடுங்காலம் வழங்கிவந்த அமைப்பு. ஒரு முனையில் பள்ளத்துக்குள் புகும் காற்றை, மேடு நெருக்கிக்கொண்டே மறுமுனைக்குத் தள்ளுகிறது. இடம் சுருங்கச் சுருங்க அழுத்தம் ஏறுகிறது. வால்வுகளுக்கு இங்கே வேலை இல்லை. முனையிலுள்ள வாயிலின் வடிவமே அவற்றின் வேலையைச் செய்துவிடுகிறது.

இக்கருத்துக்கு 1878-லேயே ஜெர்மனியில் ஹைன்ரிக் கிரிகர் என்பவர் காப்புரிமை பெற்றார். ஆனால் நுட்பமான திருகைத் துல்லியமாகக் கடையும் யந்திரங்கள் அன்று இல்லை. 1930-களில் ஸ்வீடன் நாட்டு ஆல்ஃப் லிஷோல்ம் அதைப் பயன்படும் பொருளாக்கினார். 1950-களில் எண்ணெய் பாய்ச்சும் முறை வந்து சேர்ந்தது. நம் பக்கத்தில், 1960-இல் கோயம்புத்தூரில் தோன்றிய எல்ஜி நிறுவனம் இன்று இத்திருகுகளின் வடிவத்தைத் தானே வகுத்துக் கடைந்து வருகிறது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே விடவேண்டிய இடைவெளி மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கே என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் அருமை புலப்படும்.

எண்ணெய் பாய்ச்சுவதனால் வெப்பம் அடங்கிவிடுகிறதே, பின்னும் இரண்டு கட்டங்கள் எதற்கு என்று கூர்ந்து கேட்பவர்கள் வினவலாம். நியாயமான வினாவே. எண்ணெய் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். கசிவை முற்றிலும் தடுக்க அதனால் இயலாது. 25-க்கும் 1-க்கும் உள்ள வேறுபாட்டை ஒரே இணை உருளை தாங்கினால், அமுங்கிய காற்று அந்த நுண்ணிய இடைவெளிகள் வழியே பின்னோக்கி ஓடிவிடும், உருளை வளையும், பேரிங்கு நசியும். ஒரு கட்ட யந்திரத்தை 13, 14 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் கொண்டுபோகத் தயங்குவதற்குக் காரணம் இதுவே. இரு கட்ட யந்திரத்தில் பெரிய இணை ஒன்று காற்றை ஐந்து மடங்கு அமுக்கிச் சிறிய இணைக்குக் கொடுக்கிறது. சிறியது மேலும் ஐந்து மடங்கு அமுக்குகிறது. ஐயைந்து இருபத்தைந்து. சுமையைச் சமமாகப் பகிர்வதே சிக்கனமான பங்கீடு என்று கணிதம் காட்டுகிறது.

இந்தச் சமப் பங்கீடு கடல்மட்டத்தை ஒட்டிய ஊரில் சரியாகப் பொருந்தும். குமுளியோ ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்கே. வெளிக்காற்றுக்கு மேல் அதே 24 வேண்டுமானால், 0.9-லிருந்து 24.9-க்கு ஏறவேண்டும், விகிதம் 25 அன்று, 27-க்கும் மேல். இந்தக் கூடுதலை இரு கட்டங்களும் பகிர்ந்துகொள்ளுமா? கொள்ளா. பெரிய இணையின் கொள்ளளவும் சிறிய இணையின் கொள்ளளவும் இரும்பில் வார்த்து முடிந்துபோனவை. முதல் கட்டம் எங்கும் ஐந்து மடங்குதான் அமுக்கும். சமவெளியில் 1-ஐ 5 ஆக்கியது, குமுளியில் 0.9-ஐ 4.5 ஆக்கும். எஞ்சிய ஏற்றம் முழுவதும் சிறிய இணையின் தலையில் விழுகிறது. அதன் பங்கு ஐந்திலிருந்து ஐந்தரையாகிறது. புதிய யந்திரம் இதைப் பொருட்படுத்தாது. தேய்ந்த யந்திரத்தில், சமவெளியில் மறைந்திருந்த தேய்மானம் மலையில் வெளிப்பட்டுவிடும்.

அதைவிடப் பெரிய இழப்பு வேறு. ஒவ்வொரு சுற்றிலும் யந்திரம் விழுங்கும் கன அளவு மாறாவிட்டாலும், அதிலுள்ள காற்றின் எடை பத்தில் ஒரு பங்கு குறைகிறது. அடியிலிருக்கும் சுத்தியலோ தன் வழியே செல்லும் காற்றின் எடைக்கு ஏற்பத்தான் அழுத்தத்தைத் தாங்கி நிறுத்தும். ஆகவே சமவெளியில் 350 பவுண்டு காட்டி ஓடிய யந்திரம், குமுளியில் அதே சுத்தியலோடு ஏறத்தாழ 315-இல் நின்றுவிடும். முதல் இணையைச் சற்றுப் பெரிதாக்குவதோ, பற்சக்கரத்தை மாற்றி அதை விரைவாகச் சுழற்றுவதோ பரிகாரமாகும்; நடு அழுத்தமும் உயரும், காற்றும் நிறையும். ஆனால் அந்த வண்டி மலையை விட்டு இறங்கியதும் அதன் டீசல் யந்திரம் சுமை தாங்காது முனகும். உள்வாயிலைச் சிறிது மூடி ஓட்டவேண்டியதாகும். இரண்டு ஊருக்கும் பொதுவான யந்திரம் இரண்டு ஊரிலும் சற்றுக் குறையுடன்தான் ஓடும். வண்டிக்காரர்கள் பெரும்பாலோர் இறங்கி ஓடும் நாட்களையே கணக்கில் கொண்டு வாங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

மலைநாட்டின் ஈரமும் ஒரு நிபந்தனை விதிக்கிறது. மழைக்காலத்தில் குமுளியின் காற்று 20 பாகையில் ஈரம் நிறைந்து நிற்பதாகக் கொள்வோம். அதை 27 மடங்கு அமுக்கிய பிறகு, 87 பாகைக்குக் கீழே குளிரவிட்டால், அதிலுள்ள ஆவி நீராகி எண்ணெயில் இறங்கிவிடும். நீர் கலந்த எண்ணெய் பேரிங்குகளுக்கு எமன். மறுபக்கம், 110 பாகையைத் தாண்டிப் போனால் எண்ணெய் கெடத் தொடங்கும். ஆகவே குளிர்விப்பது நல்லதென்று மனம்போல் குளிர்விக்க முடியாது. 90-க்கும் 110-க்கும் இடைப்பட்ட குறுகிய வரப்பின்மேல் யந்திரத்தை நடத்திச் செல்லவேண்டும். குளிரான காலையில் எண்ணெய் சூடேறும் வரை காத்திராமல் துளையிடத் தொடங்குவது, ரேடியேட்டரில் படிந்த தூசியைத் தட்டாமல் விடுவதைப் போலவே தீங்கானது.

தோட்டக்காரர் அடிக்கணக்கில் பணம் கொடுக்கிறார். அழுத்தம் போதாத யந்திரம் 600 அடிக்குமேல் பொடியைத் தூக்க மாட்டாமல் திணறும்போது, 'இதற்குமேல் பாறை விடவில்லை' என்ற சொல்லோடு வண்டி இறங்கிப் போய்விடுவதுண்டு. பாறையிலே பிளவும் பிளவிலே நீரும் இல்லையெனில் எந்த யந்திரத்தாலும் பயனில்லை என்பது உண்மையே. ஆனால் பாறை விடவில்லையா, யந்திரம் விட்டுவிட்டதா என்பதை அறிய ஒரு வழி இருக்கிறது. பல வண்டிகளில் இரு கட்டங்களுக்கும் இடையிலுள்ள நடு அழுத்தத்தைக் காட்டும் மானி ஒன்று இருக்கும். அதை யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. அந்த முள் வழக்கத்தைவிட உயர்ந்து நின்றால், சிறிய இணை தேய்ந்து, வந்த காற்றை விழுங்க மாட்டாமல் தவிக்கிறது என்று பொருள். தாழ்ந்து நின்றால் பெரிய இணை கசிகிறது, அல்லது காற்று வடிகட்டி அடைபட்டிருக்கிறது. வழக்கம் என்பதையும் ஊருக்கேற்பக் கொள்ளவேண்டும். நாம் எடுத்துக்காட்டாகக் கொண்ட யந்திரத்தில், கடல்மட்டத்தில் 59 பவுண்டு காட்டும் அந்த மானி, குமுளியில் எப்பழுதும் இல்லாமலே 53 பவுண்டு காட்டும்.